விடைப் பக்கம் கிழிந்த இலக்கணம்

காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு வெளியே ரோசம்மா அத்தையின் கருவாட்டுக் கடை. கடை என்றால் நான்கு மூங்கில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய். அதற்குப் பின்னால், மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மேல் நானும் ஜெசிந்தாவும் உட்கார்ந்திருக்கிறோம். என் மடியில் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம். அவள் மடியில் எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலச் செய்தித்தாள்கள். பெட்டியின் ஈரம் பாவாடையைத் தாண்டித் தொடையில் குளிர்கிறது.

"'ஐ அவாய்ட்'னு எழுதி, பக்கத்துல கோடு போட்டுக் கீது. அந்தக் கோட்டுல 'டு' வருமா, 'இங்' வருமா?" என்று கேட்கிறாள் ஜெசிந்தா.

"'டு'," என்கிறேன்.

"நெசமா?"

"தெரியல."

"பின்னாடி பாக்கலாம்னா பின்னாடியே இல்ல. சோக்கா ஒரு பொஸ்தகம் வாங்கினு வந்தடி."

புத்தகம் நான் வாங்கியது. பழைய புத்தகம், நடைபாதைக் கடை. பயிற்சிகளுக்கான விடைகள் கடைசியில் இருப்பதாக முன்னுரை சொன்னது. அந்தப் பக்கங்களை யாரோ மொத்தமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்ததைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த நீங்கள், ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்தும் மேசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்? அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான். பல வருடங்களாக இந்தக் கேள்விக்கு வேறு ஏதாவது சொல்லி நகர்ந்திருக்கிறேன். இந்த முறை நகரவில்லை.

மீன் சோதனை

நூற்றாண்டு புரண்ட சமயம். எனக்கும் ஜெசிந்தாவுக்கும் இருபது வயது. கல்மண்டபத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறரை மணி பேட்சில் அடுத்தடுத்த மெஷின். இரண்டு பேரும் ஹையர் பாஸ். அவள் வேகம், நான் சுத்தம்.

அப்போது நகரின் தென்கோடியில் புதிதாக ஒரு வேலை முளைத்திருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு டேப்பில் பேசி அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டு இங்கே தட்டச்சு செய்ய வேண்டும். பகல் வேலை, ஏசி அறை. அப்படி ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று இன்ஸ்டிடியூட் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். டைப்பிங் தெரிய வேண்டும். ஆங்கில இலக்கணத்தில் எழுத்துத் தேர்வு உண்டு.

போன தடவை எழுதிவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தோம். கேள்வித்தாளில் பாதி 'ஜெரண்ட்' என்றாள். அந்தச் சொல்லை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் படித்த தொழிற்பெயர்தான். ஓடுதல், பாடுதல், நீந்துதல். ஆங்கிலத்தில் வினையின் வாலில் 'இங்' சேர்த்தால் அது பெயராகிவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம். தமிழில் 'படிக்கப் பிடிக்கும்' என்றாலும் சரி, 'படிப்பது பிடிக்கும்' என்றாலும் சரி. ஆங்கிலத்தில் சில வினைகளுக்குப் பின்னால் 'டு' வந்தால் தப்பு, சிலவற்றுக்குப் பின்னால் 'இங்' வந்தால் தப்பு. போதாததற்கு, 'இங்' என்று முடிவதெல்லாம் ஜெரண்டும் இல்லை. ஏன் என்று புத்தகம் சொல்லவில்லை. சரியா தப்பா என்று சொல்ல வேண்டிய பக்கங்களும் இல்லை.

வழி கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. அவள் அம்மா கருவாடு மடிக்க எடைக்கு வாங்கும் காகிதத்தில் முக்கால்வாசி ஆங்கிலப் பேப்பர். தமிழ்ப் பேப்பரைவிட ஆங்கிலப் பேப்பர் தடிமன், எண்ணெய் ஊறாது என்பது ரோசம்மா அத்தையின் கட்சி. "பேப்பர்ல அச்சடிச்சவன் தப்பாவா அடிச்சிருப்பான்? அத்தான் நம்ம விடை," என்றாள் ஜெசிந்தா.

'அவாய்ட்' என்ற சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கிடைத்தது. பின்னால் 'இங்'. ஒரு தாளில் பார்த்ததை நம்பக் கூடாது, மூன்று வெவ்வேறு தாளில் அப்படியே வந்தால்தான் நோட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி வைத்தாள். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த எந்தச் செய்தி அறையிலும் இவ்வளவு கறாரான ஆளைப் பார்த்ததில்லை.

ரோசம்மா அத்தைக்கு இது புரியவில்லை.

"இன்னாத்தடி ரெண்டு பேரும் தேடிக்கினு கீறீங்க? எவன்னா செத்துட்டானா?"

"ஜெரண்டு தேடறோம்மா."

"தேடிக்கோ. ஆனா கீறி எடுக்காத. ஓட்ட பேப்பர்ல சென்னாக்குனி கட்டினா வயி பூரா சிந்தினு போவும்."

சென்னாக்குனி பொடி இறால், ஓட்டையில் நிற்காது. அதனால் கத்தரிக்கவில்லை. பென்சிலால் அடிக்கோடு மட்டும் போட்டோம். அந்த மாதங்களில் ராயபுரத்திலும் கல்மண்டபத்திலும் கருவாடு வாங்கிப் போன வீடுகளுக்கெல்லாம் அடிக்கோடிட்ட ஜெரண்டுகளும் போய்ச் சேர்ந்தன. யாரும் வந்து கேட்டதில்லை.

எந்த 'இங்' பெயர், எந்த 'இங்' வெறும் வினை என்று பிரிப்பதற்கும் அவள் ஒரு சோதனை வைத்திருந்தாள்.

"அந்தச் சொல்ல எடுத்துட்டு அங்க 'மீனு'ன்னு வெய்யி. 'ஐ என்ஜாய் ரீடிங்.' ஐ என்ஜாய் மீனு. நிக்குதா? நிக்குது. அப்ப அது பேரு. 'ஐ ஆம் ரீடிங்.' ஐ ஆம் மீனு. நான் மீனா? இல்ல. அப்ப அது ஜெரண்டு இல்ல."

"'ஸ்மோக்கிங் இஸ் பேட்'?" என்றேன்.

"மீனு இஸ் பேட். நிக்குது."

கடைக்கு முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எவடி அவ, வியாபாரம் பண்ற எடத்துல ஒக்காந்துக்கினு மீனு பேடுன்றது?"

'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்ற தொடருக்குப் பின்னால் 'இங்' வருவதை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தோம். 'டு'வும் வந்து 'இங்'கும் எப்படி வரும்? இரண்டாவது தாளிலும் வந்தது, மூன்றாவதிலும் வந்தது. ஜெசிந்தா மீனை வைத்துப் பார்த்தாள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீனு. நிக்குதுடி!" என்று பெட்டியிலிருந்து எழுந்தே விட்டாள். "'ஐ ஹோப் டு மீனு' நிக்காது. அதுதான் இதுக்கும் அதுக்கும் வித்தியாசம்."

நல்ல இலக்கண நூல்கள் இதே விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்குகின்றன. அவற்றையெல்லாம் பிறகு படித்தேன். மேசையில் சந்தேகம் வந்தால் இன்றும் மனதுக்குள் மீனைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஈஸ்டர் வரைக்கும்

எனக்கு அந்த வேலை கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான். ஜெசிந்தாவுக்கு அப்படி இல்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. பழவேற்காடு, பெயர் சேவியர், சொந்தமாக ஃபைபர் படகு. குடிக்காதவர். அவரைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "தங்கமான ஆளுடி. ஆனா அங்க போனா நான் இன்னா பண்ணுவேன்? ஹையர் பாஸ் பண்ண கைய வச்சிக்கினு வலையில நண்டு பிரிச்சிக்கினு ஒக்காந்திருக்கணும்," என்றாள்.

அவள் அப்பா அந்தோணி லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். திரும்பிய ஒருநாள், அவர்கள் குடியிருந்த ஹவுசிங் போர்டு மாடிப்படியில் அவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா பேச்சை எடுத்தாள். என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டாள். வெளியாள் இருந்தால் அப்பா கத்த மாட்டார் என்பது கணக்கு.

"நைனா, எனக்கு வேல கெடச்சா ரெண்டு வருஷம் கல்யாணத்த தள்ளிப் போடு."

"மாப்ள வூட்டுக்கு இன்னான்னு சொல்றது?"

"வேலன்னு சொல்லு. லெட்டரக் காட்டு."

அவர் வெகுநேரம் மென்றார். பிறகு சொன்னார்: "தவக்காலத்துல எப்படியும் கல்யாணம் கெடையாது. ஈஸ்டர் வரிக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள லெட்டர் வந்துச்சுன்னா, நானே பழவேற்காடு போய் அவங்க கையில கால்ல வியிந்து நிறுத்திட்டு வரேன். வரலன்னா ஈஸ்டர் கயிச்சி மறுவாரம் ஓலை குடுத்துருவேன். அப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரி நைனா."

"கலாம்மா, நீ கேட்டுக்கினியா?" என்று என்னைப் பார்த்தார்.

கேட்டுக்கொண்டேன் என்றேன்.

ஓலை என்பது கத்தோலிக்கக் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையின்போது மணமக்களின் பெயரைப் படிப்பது. முதல் ஓலை படித்துவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் கல்யாணத்தை நிறுத்துவது பெரிய தலைகுனிவு.

யாருடைய விலாசம்

விண்ணப்பத்தில் பெயர் எழுதினாள், வயது எழுதினாள், விலாசத்தில் பேனாவை நிறுத்தினாள்.

இன்ஸ்டிடியூட்டில் விண்ணப்பம் எழுதிய யாருமே சொந்த விலாசம் எழுதுவதில்லை. வியாசர்பாடிப் பையன் பெரம்பூரில் இருக்கும் பெரியப்பா வீட்டை எழுதுவான். புளியந்தோப்புப் பெண் புரசைவாக்கத்தில் அவள் அம்மா வேலை பார்க்கும் வீட்டை எழுதுவாள். சில பேட்டைகளின் பெயரைப் பார்த்தாலே கவரைக் கீழே போட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அது எவ்வளவு உண்மை என்று பிற்காலத்தில் நான் விசாரித்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹவுசிங் போர்டுக்கு வரும் தபாலை எல்லாம் போஸ்ட்மேன் கீழே பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தால் உண்டு.

"உன் வூட்டு விலாசம் போட்டுக்கட்டா?" என்றாள்.

என் அப்பா ரயில்வேயில் கூட்ஸ் ஷெட் கிளார்க். எங்களுக்கு ராயபுரத்தில் குவார்ட்டர்ஸ். எண் போட்ட வாசல், தினமும் வாசலுக்கு வரும் போஸ்ட்மேன். போட்டுக்கொள் என்றேன்.

அப்பா பெயரைச் சேர்த்து 'கேர் ஆஃப்' என்று எழுதப் போனாள். பக்கத்து மெஷின்காரர்கள் தடுத்தார்கள். "கேர் ஆஃப் போட்டா கடன் வாங்கின விலாசம்னு தெரிஞ்சிடும். நேரா போடு." நேராகவே எழுதினாள். ஜெசிந்தா மேரி, எங்கள் வீட்டு எண், ரயில்வே குவார்ட்டர்ஸ், ராயபுரம். யார் பார்த்தாலும் அவள் அந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அனுமதி கேட்டதாகிவிடும். அம்மாவுக்கு அவளை 'கருவாட்டுக்காரம்மா பொண்ணு ஜெசி' என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது. அவளோடு நான் சுற்றுவதே அம்மாவுக்குப் பிடித்திருக்கவில்லை. தபால் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும், அந்த நேரத்துக்கு நான் வாசலில் இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

தபால் நேரம்

தேர்வு நாளன்று இரண்டு ரயில், ஒரு பஸ் மாறிப் போனோம். ஜெசிந்தா எலுமிச்சம்பழத்தால் முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தாள். வழியெல்லாம் கையை என் மூக்குக்கு நேரே நீட்டி "அடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அடித்தது எலுமிச்சை வாசனை மட்டும்தான்.

அறை குளிர்ந்து கிடந்தது. நான் இரண்டு விடைகளை அடித்து எழுதினேன், மறுபடியும் அடித்து எழுதினேன். அவள் கால் மணி நேரம் முன்பே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைப்பிங் தேர்வில் அவள் மெஷின் சத்தம் ஒன்றுதான் நடுவில் நிற்காமல் கேட்டது.

ஒரு மாதத்துக்குள் தபாலில் தெரிவிப்போம் என்றார்கள்.

தினமும் இரண்டு மணிக்கு வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் எனக்கு ஒரு கவர் வந்தது. சாதாரணத் தபால். வருந்துகிறோம் என்று இரண்டு வரி.

அன்று சாயங்காலமே ஜெசிந்தாவிடம் காட்டினேன். "அய்யே, உனுக்கே இல்லியா?" என்றாள். அப்புறம், "எனுக்கும் நாளைக்கி இதே வந்துரும் பாரு," என்று சிரித்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரத்திலிருந்து தபால் நேரத்தில் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டேன். இன்ஸ்டிடியூட்டில் மத்தியான பேட்சுக்கு மாற்றிக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் கேட்டாள், "வந்துச்சாடி?" நான் ஒவ்வொரு நாளும் இல்லை என்றேன். குருத்தோலை ஞாயிறு வந்தது. பெரிய வெள்ளி வந்தது. பெரிய வெள்ளிக்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை. நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். காசிமேட்டைச் சேர்ந்த அந்தோணி, ரோசம்மா ஆகியோரின் மகள் ஜெசிந்தா மேரி என்று சாமியார் படித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா சொன்னது

வீட்டுக்கு வந்தபோது அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெசிக்குக் கல்யாணம்மா. இன்னைக்குக் கோயில்ல பேர் படிச்சாங்க. ஜெசிந்தா மேரின்னு முழுப் பேரையும் படிச்சாங்க."

அம்மாவின் கை நின்றது. "என்ன பேரு?"

"ஜெசிந்தா மேரி."

"அந்தப் பேருக்கு நம்ம வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சே."

"எப்போ?"

"பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி. ஒரு வியாழக்கிழமை. நீ டைப்புக்குப் போயிருந்த. அப்படி யாரும் இங்க இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே வீட்டில் ஊழியரின் குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் குடிவைக்கக் கூடாது. வாடகைக்கு விட்டால் வீடும் போகும், வேலைக்கும் ஆபத்து. எங்கள் வரிசையிலேயே ஒரு குடும்பம் உள்ளறையில் ஓர் ஆளைத் தங்கவைத்திருந்தது. சோதனைக்கு வந்தவர்களிடம் அந்த வீட்டம்மா இல்லவே இல்லை என்று சாதித்தாள். அலமாரி மேல் அந்த ஆள் பெயருக்கு வந்த ஒரு தபால் இருந்தது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தெரியாத பெயரில் எது வந்தாலும், கையில்கூட வாங்காமல், அப்படி யாரும் இல்லை.

"கவர் மேல கேர் ஆஃப்னு அப்பா பேராவது இருந்தா யோசிச்சிருப்பேன்," என்றாள் அம்மா. "வெறும் அந்தப் பொண்ணு பேரும் நம்ம வீட்டு நம்பரும். எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. நீ ஏன்டி முன்னாடியே சொல்லல?"

அவரைக்காயை அம்மா அப்புறம் நறுக்கவில்லை.

மறுநாள் தனியாகத் தென்கோடிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு தட்டிலிருந்து கவரை எடுத்துக் காட்டினாள். அதன் குறுக்கே நீல மையில், இப்பெயரில் எவரும் இல்லை என்று எழுதியிருந்தது. சேர வேண்டிய நாள் தாண்டிவிட்டது, அடுத்த ஆளை எடுத்தாகிவிட்டது, மறுபடி விளம்பரம் வரும்போது முதலிலிருந்து எழுத வேண்டும் என்றாள். எப்போது வரும்? தெரியாது. கவரையாவது கொடுங்கள் என்றேன். உரியவரிடம்தான் கொடுக்க முடியும் என்றாள். அவள் முன்னால் தேர்வானவர்களின் பட்டியல் இருந்தது. தலைகீழாகவே படித்தேன். ஜெசிந்தாவின் பெயரைப் பேனாவால் அடித்திருந்தார்கள்.

தண்ணி லாரி

அந்த வருடம் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஹவுசிங் போர்டு வாசலில் லாரி நின்றது. குடங்கள் வரிசையில் நின்றன. ஜெசிந்தாவுக்கு மூன்று குடம், சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு. அவள் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். காலால் ஒரு குடத்தை முன்னால் தள்ளினாள்.

"அப்ப நான் பாஸா?" என்றாள்.

"பாஸ்."

"நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"பட்டியல்ல பேர் இருந்துச்சு."

"எல்லாமே பாஸா? இங்கிலீஷு?"

"எல்லாமே."

பின்னாலிருந்த பெண் கத்தினாள்: "யம்மா கல்யாணப் பொண்ணு, கொடத்த நவுத்து! பேசிக்கினே நின்னா தண்ணி உன் வூட்டுக்கு நடந்து வருமா?"

"நவுத்துறேன்க்கா. நான் பாஸாயிட்டேன்க்கா," என்றாள் ஜெசிந்தா.

"எதுல?"

"இங்கிலீஷுல."

"பழவேற்காட்டுல போய் நண்டாண்ட பேசு. நவுரு."

வரிசையே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உன் அப்பாவிடம் நான் வந்து சொல்கிறேன், இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது, நிறுத்தச் சொல்லலாம் என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டாள். "இன்னாத்தக் காட்டி நிறுத்தும்? லெட்டரும் இல்ல, வேலையும் இல்ல. ஊரு பூரா பேர் படிச்சாச்சு." குடத்தை நிமிர்த்தி லாரிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். தண்ணீர் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. "நைனா கிட்ட மட்டும் சொல்லாத. அது சொன்ன வாக்குப்படி ஈஸ்டர் வரிக்கும் வாயே தொறக்கல. அதுக்கு முன்னாடியே லெட்டர் வந்து திரும்பிப் போச்சின்னு தெரிஞ்சா, சோறு துன்னாது."

"உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

"கீது," என்றாள். "இரு, கொடம் ரொம்பட்டும்."

மூன்று குடமும் நிறைந்தது. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை நான் தூக்கிக்கொண்டு நான்கு மாடி அவள் பின்னால் ஏறினேன். அவள் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

அந்த ஜெரண்ட் நோட்டை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். அடுத்த வருடம் அதைப் படித்துக்கொண்டுதான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவர் தேர்வு எழுதினேன். வாசகரின் கேள்விக்கு இதுதான் பதில்.

இதை எழுதுவதற்கு முன் பழவேற்காட்டுக்கு போன் செய்து ஜெசிந்தாவிடம் கேட்டேன். "நைனா போய் ரெண்டு வருஷம் ஆச்சி. இனிமே எழுதுனா இன்னா?" என்றாள். "எழுது. தப்பில்லாம எழுது."

பந்தி

மூன்று ஓலையும் முடிந்து, கல்யாணம் ஒரு காலையில் நடந்தது. பூசை முடிந்து மத்தியானம் கோயிலை ஒட்டிய கூடத்தில் பந்தி. மின்விசிறிகள் ஓடியும் வியர்த்துக் கொட்டியது. மேடையில் ஜெசிந்தா வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். சேவியர் அவளுக்கு ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

அந்தோணி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பிரியாணி பரிமாறினார். என் இலைக்கு வந்ததும் நின்றார்.

"கலாம்மா, உனுக்கு வேல ஆச்சா?"

"இல்லப்பா. எனக்கும் வரல."

"படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரும். இன்னா தேர்வோ." குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "ஜெசி வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. ஆனா மனசுல நெனச்சிக்கினு இருக்கும், நைனா அவசரப்பட்டுச்சின்னு. லெட்டர் மட்டும் வந்திருந்தா, மாதா சத்தியமா நான் நிறுத்தியிருப்பேன். அன்னிக்கி நீயும்தான் பக்கத்துல நின்ன. நீ சொன்னா அது நம்பும். நைனா ஏமாத்தல, லெட்டர்தான் வரலன்னு நீ ஒரு வார்த்த சொல்லும்மா."

மேடையிலிருந்து ஜெசிந்தா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்டிருக்காது.

"சொல்றேன்ப்பா," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. வேண்டாம் என்று நான் கையால் மறைத்தும் கேட்காமல், தேடி ஒரு பெரிய கறித்துண்டாக எடுத்து என் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.